கட்டம் சிறிதானபோது

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில், ஸ்கேன் கருவிகளுக்கு கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் இயங்கும் மீக்கடத்திக் காந்தம் செய்யும் நிறுவனத்தில் வெப்பக் கணக்குப் பார்த்த அம்மையார் அவர்; நான் அவருக்கு உதவியாளன். ஒல்லியானவர், ஏசி அறையிலும் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். குளிர்த்திரவத்தில் வைக்கப்படும் காந்தக் கம்பிச் சுருளில் ஒரு பொட்டுச் சூடு தோன்றினால் என்னாகும் என்று கணினியில் பார்ப்பார். அது தணிந்தால் நல்லது. பரவினால் குளிர்த்திரவம் ஆவியாகிப் பீறிட்டு, அறையின் மூச்சுக்காற்றையே விரட்டிவிடக்கூடும்.

ஒருநாள் மேலாளர் வந்தார். "நேத்து தணிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களேம்மா? காந்தத்தை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போற வண்டி வெளிய நிக்குது."

"அவசரத்துல கணக்குல சுருளைப் பெரிய பெரிய கட்டமா பிரிச்சுப் போட்டேன் சார். சூடு கட்டம் முழுக்கப் பரவி நீர்த்துப்போச்சு. சின்னக் கட்டமா போட்டா தணியவே மாட்டேங்குது."

"அப்ப பெரிய கட்டத்தையே வெச்சுக்குங்க" என்று மேலாளர் சிரித்தார்.

"கம்பிக்கு நம்ம கட்டம் தெரியாது சார்."

காந்தத்தோடு வண்டி கிளம்பிவிட்டது. அம்மையார் என்னிடம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுப்பா. ஸ்கேன் ரூம் கதவு வெளிப்பக்கமா திறக்கணும்னு சொல்லு. உள்ள அழுத்தம் ஏறுனா, உள்பக்கமா திறக்கிற கதவை இழுக்கவே முடியாது."

சொன்னேன். "உள்பக்கமா திறக்கிற மாதிரி கதவெல்லாம் மாட்டியாச்சு சார்" என்றார்கள்.

அதைக் கேட்ட அம்மையார், திரையில் பரவும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயர் செய்தித்தாளில் தென்பட்டால், இன்றும் அச்செய்தியை முழுவதும் படித்த பிறகே என்னால் மூச்சுவிட முடிகிறது.