ஒரு தட்டு இறால் உரிக்கும் நேரம்

வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் முதன்முறை மூச்சு முட்டியது. பேராசிரியர் போனில் என் பெயரைக் கூப்பிட்டார். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்.

உட்கார்ந்திருந்த இடமும் அப்படி. பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறையின் வெளிச்சுவர். ஊரடங்கில் விடுதியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சிக்னல் கிடையாது. அந்தச் சுவரோரம் நன்றாகக் கிடைத்தது. முதுகலைக் கணிதத்தின் கடைசிப் பருவத்தை எலும்புக்கூடு செதுக்கிய வாசல் பக்கத்தில் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. அப்படியானால் வேறென்ன? அம்மா முடிவுகட்டிவிட்டாள்.

"வெள்ளக்காரன் கல்லறயில போயி உக்காந்தா வேற இன்னா ஆவும்? இனிமே அங்க கால வெச்சுப் பாரு!"

உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயும் மூச்சு முட்டியபோது, டச்சுக்காரன் பின்னாலேயே வந்துவிட்டான் என்றாள். வகுப்புகள் போயின, ஒரு தேர்வும் போனது. ஆத்திரத்தில் ஒருநாள் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டேன்.

எங்கள் ஏரியில் வலைபோடும் இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். அதைப் 'பாடு' என்போம். தன் பாடு வந்த நாளை விட்டுவிட்டு, நைனா (அப்பா) என்னைப் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"பேயா டாக்டரம்மா?" என்று நைனா கேட்டார்.

"பேய் இல்லைங்க. பதற்றத் தாக்கு (திடீரெனப் பயம் உச்சத்துக்கு ஏறி, ஆபத்தே இல்லாதபோதும் உடம்பு தவிப்பது). கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். மாத்திரை தர்றேன். ஆனா, பயந்த இடத்துக்கே பொண்ணு திரும்பப் போகணும்."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் இறால் கூடையோடு என்கூடக் கிளம்பினாள். வியாபாரிக்கு இறால் உரித்துக் கொடுப்பது அவள் வேலை. கல்லறை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வகுப்பு நடுவில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கை நிற்கவில்லை.

"நான் உரிச்சிக்கினே இருக்கேன். நீ தட்டப் பாரு."

தட்டு நிறைந்தபோது மூச்சு இறங்கியிருந்தது.

"இவ்ளோதானா?" என்றாள்.

தவறிய தேர்வுக்கு மருத்துவச் சான்று அனுப்பினேன். "கொரோனாவா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. இதைப் படிக்கும் மாணவர்களே, வந்திருப்பதன் பெயர் தெரியாமல் நாளைக் கடத்தாதீர்கள்; சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள்.

வாசலுக்கு ஏன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாய் என்று பின்னர் அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த எலும்புக்கூடுங்களப் பார்த்தா கை நடுங்குதுடி. அப்புறம் எப்டி உரிக்கிறது?"

பேய் இருக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் அத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போதும் எப்போதாவது வருகிறது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவள் தட்டு நிறையும்வரை காத்திருக்கிறேன்.