இத்தாலி மலைப்பாதையும் நான் கொடுக்காத கடிதமும்

முப்பது வருஷத்துக்கு மேல் தபால்காரனாக நடந்தவன் நான். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கடிதத்தின் மேல்தான் பொய் எழுதினேன். ‘ஆள் ஊரில் இல்லை’ என்று எழுதினேன். அந்தக் கடிதம் என் பெயருக்கு வந்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்குச் சிரிப்பு வரும். நல்லாச் சிரிங்கப்பா. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை சார்ட்டிங்

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். உச்சிப்புளிப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ். பெயர் வேண்டாம். என் பீட், நான் தினமும் தபால் கொடுத்து நடக்கிற சுற்று, புதுமடம் வரைக்கும் போகும். வழியெல்லாம் பனங்காடும் மணலும்தான். காலை ரயிலில் தபால் பை வரும். போஸ்ட் மாஸ்டர் நாராயணன் சார் அரக்கு முத்திரையை உடைத்து மேஜையில் கொட்டுவார், டேட் ஸ்டாம்ப் அடிப்பார். நான் தெரு வாரியாகப் பிரித்து அடுக்குவேன்.

அன்றைக்குக் கொழும்புக் கடிதங்களுக்கு நடுவே ஒரு நீல உறை கிடந்தது. ஸ்டாம்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இத்தாலி ஸ்டாம்ப். உறை மேல் இங்கிலீஷில் கருப்பையா என்று என் பெயரும் என் சொந்த ஊர் விலாசமும் இருந்தன; அங்கேயிருந்து இந்த ஆபீசுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். பின்னால் திருப்பினேன். அனுப்பியவள் ரோசா. இத்தாலியில் எங்களுக்கு வழி காட்டின வீத்தோவின் தங்கச்சி.

உள்ளே என்ன கேட்டிருப்பாள் என்று பிரிக்காமலே எனக்குத் தெரிந்தது. சார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பென்சிலால் ‘ஆள் ஊரில் இல்லை’ என்று எழுதி, டெபாசிட் தட்டில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். ரூல் உங்களுக்கே தெரியும். ஆள் இல்லாத கடிதத்தை ஏழு நாள் ஆபீசில் வைத்திருந்து, அப்புறம் அனுப்பினவருக்கே திருப்ப வேண்டும். ஏழு நாள் ஓடிவிட்டால் தலை தப்பியது என்று நினைத்தேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

வீத்தோ முன்னால் நடந்த பாதை

இந்தக் கதை விளங்க வேண்டுமானால் நான் பட்டாளத்தில் இருந்ததைச் சொல்ல வேண்டும். என் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம். ஏர் பிடித்த குடும்பம். கண்மாய் வறண்ட ஒரு வருஷம், வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தேன். மாடு பத்தினவனுக்குக் கழுதை பத்தத் தெரியாதா என்று கோவேறு கழுதைக் கம்பெனியில் போட்டார்கள். ரெண்டாவது உலகச் சண்டைக்காகக் கப்பலில் கொண்டுபோய்த் தெற்கு இத்தாலியில் இறக்கினார்கள்.

எங்கள் சீமையில் மேடு என்றால் கண்மாய்க்கரைதான். அங்கே போய்ப் பார்த்தால் ஊரெல்லாம் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. லாரி போகாது. கல் பதித்த ஒற்றையடிப் பாதைதான். எத்தனையோ தலைமுறைக் கழுதைகள் மிதித்து, படிக்கல்லெல்லாம் குழிந்து கிடக்கும். ஒரு பக்கம் மண் பூசாமல் கல்லை அடுக்கியே கட்டின சுவர், இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம். காலையில் பனிக்குள்ளே ஏறத் தொடங்கினால், பாதி வழியில் பனி கீழே நின்றுவிடும். நமக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே வெள்ளை. அந்தக் குளிர்ந்த காற்றுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது. சண்டை நடந்த இடத்தின் மேல் இப்படி ஆசை வைக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். வைத்துவிட்டேன், என்ன செய்ய?

எங்களுக்கு வழி காட்ட முன்னால் நடந்தவன் வீத்தோ. என் வயசுக்காரன், விவசாயி. அவன் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவனுக்குப் புரியாது. கழுதையைத் திட்டும்போது மட்டும் ரெண்டு பேருக்கும் நன்றாகப் புரியும். தன் வீட்டுக்குக் கூட்டிப்போவான். அவன் அம்மா ரொட்டியும், உப்பில் ஊறப்போட்ட, வேப்பங்காய் மாதிரிக் கசக்கும் ஒரு காயும் தருவாள். தின்று முடிக்கும் வரை எதிரே நின்று பார்ப்பாள். பாத்திரம் கழுவிக்கொண்டே ரோசா என் முழியைப் பார்த்துச் சிரிப்பாள். என் விலாசத்தை அவர்கள் வீட்டு நோட்டில்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒருநாள் மேலே இருந்த எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் ஏற்றிப் போனோம். வழி பழகிவிட்டதால் அன்றைக்கு நான்தான் முன்னால் போனேன். ஒரு வளைவில் என் கழுதையின் சேணம் சரிந்தது. நான் வார் இறுக்க நின்றேன். நின்றது அவ்வளவுதான், வீத்தோ என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டான். கண்ணிவெடி. ஓடிப்போய்ப் பார்த்தேன், உயிர் இல்லை.

மேலே ஆட்கள் ரெண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். “நிக்காதே, போ!” என்று ஹவில்தார் கத்தினார். வீத்தோவைப் பாதையை விட்டு ஓரமாகக் கிடத்தி, சுவர்க் கல்லை எடுத்து மூடினேன். இறங்கும்போது தூக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இறங்க வேறு பாதை விட்டார்கள். மறுநாளே கம்பெனியை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மாவிடம் நான் ஒரு சொல் சொல்லவில்லை. ஊருக்கு வந்து தபால் வேலையில் சேர்ந்த பிறகாவது எழுதியிருக்கலாம். அவள் முகத்தை நினைத்தால் பேனா ஓடவில்லை.

ஏழாம் நாள்

அந்த ஏழு நாளும் டெபாசிட் தட்டுப் பக்கமே திரும்பாமல் வேலை பார்த்தேன். ஏழாம் நாள் காலையில் நாராயணன் சார் நீல உறையைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“ஏய்யா கருப்பையா, ஆள் ஊரில இல்லைன்னு எழுதியிருக்கே. அப்ப இங்கன காக்கிச் சட்டை போட்டு நிக்கிறது யாரு?”

“சார், அதைத் திருப்பி அனுப்பிருங்க சார்.”

“என்னவே, பொண்டாட்டிக்குத் தெரியாம சீமையில ஏதும் குடும்பம் வச்சிருக்கியா?”

“அய்யோ, அதெல்லாம் இல்ல சார்!” என்றவன் பொலபொலவென்று அழுதுவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

“சாவுத் தந்தி கொண்டுபோயி எத்தனை வீட்டுல குடுத்திருக்கே. கால் நடுங்குமா நடுங்காதா?”

“நடுங்கும் சார். ஆனா குடுத்துருவேன்.”

“அப்ப இதையும் குடு” என்று உறையை என் கையில் வைத்தார். “குடுத்தாச்சா? இப்ப வாங்கிக்க.”

வெற்றிலை நேரம்

கடலோரத்து மாதா கோயில் ஒன்றில் மிக்கேல் சாமியார் இருந்தார். ரோமாபுரியில் படித்தவர், இத்தாலி பாஷை தெரிந்தவர். அவர்தான் படித்துச் சொன்னார். ‘அண்ணன் உங்களோடு மலை ஏறினான் என்று மட்டும்தான் தெரியும். மலையில் வழிகள் நிறைய. வெடிகளை எல்லாம் இப்போது எடுத்துவிட்டார்கள். உயிரோடு இல்லை என்றால் எந்த இடத்தில் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.’

நான் வழி சொல்லச் சொல்லச் சாமியார் எழுதினார். “ஊத்தைத் தாண்டி, பாதையோரத்து மாதா மாடத்துல இருந்து மேல ஒரு வெத்தலை மெல்லுற நேரம் ஏறணும்” என்றேன்.

சாமியார் பேனாவை வைத்துவிட்டார். “இத்தாலியில வெத்தலைக்கு எங்கய்யா போவா அந்தப் புள்ள?”

“அப்ப ரெண்டு கூப்பிடு தூரம்னு எழுதுங்க சாமி.”

“யாரு கூப்பிட? உன் தொண்டைக்கா, என் தொண்டைக்கா?”

எனக்கு நிமிஷக் கணக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வழி சொல்வது அப்படித்தான். மணலில் நடந்து பார்த்தால் மலை நடை வராது. வெற்றிலை நேரத்தைக் கடிகாரத்தில் அளந்து பார்க்க, அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெண்டு பேரும் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறினோம். இந்தச் சீமையிலேயே ஏறுவதற்கு என்று இருக்கிற ஒரே மேடு ராமர் பாதம் இருக்கும் அந்த மணல் குன்றுதான். வெற்றிலையை வாயில் போட்டு ஏறிப் பார்த்தேன். சரிப்படவில்லை.

“பின்னால கழுதை இழுத்தாத்தான் சாமி அந்த நடை வரும்.”

சாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். என் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். “நட. நானே கழுதையா வாரேன்.”

வெள்ளை அங்கி போட்ட சாமியாரைத் துண்டால் இழுத்துக்கொண்டு தபால்காரன் மேடு ஏறுவதைக் காசி யாத்திரைக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஏறி முடித்து, இறங்கி, மறுபடி ஏறினேன். வெற்றிலை தீர்ந்ததும் நின்றேன். சாமியார் கடிகாரத்தைப் பார்த்துப் பதினோரு நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன். சுற்றிலும் கடல்.

“ஏன்யா நின்னுட்டே?”

“அந்தப் பக்கம் இறங்குனா அவங்க ஊரு வந்துரும்னு இருக்கு சாமி.” அவர் துண்டை என் தோளில் போட்டார்.

ஊற்று, மாதா மாடம், கழுதை நடையில் பதினோரு நிமிஷம், இடது பக்கம் சுவர் இடிந்த இடம், அங்கிருந்து இருபது தப்படி. இவ்வளவையும் எழுதி, வீத்தோ செத்ததற்கு நான் வார் இறுக்க நின்றதுதான் காரணம் என்பதையும் எழுதச் சொன்னேன். சாமியார் தயங்கினார். எழுதுங்கள் என்றேன்.

பதில்

நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. நாராயணன் சார் டேட் ஸ்டாம்ப் அடித்து, “கருப்பையா, தபால்!” என்று ஊருக்கே கேட்கக் கூப்பிட்டார். அன்றைக்கு பீட்டை முடித்த கையோடு சாமியாரிடம் ஓடினேன்.

ரோசா பக்கத்து வீட்டுக் கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு ஏறியிருக்கிறாள். சொன்ன இடத்தில் கல் குவியல் அப்படியே இருந்ததாம். இடுப்பு வாரின் கொக்கியை வைத்து அண்ணன்தான் என்று கண்டுகொண்டார்கள். கீழே கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சேணம் சரிந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், ஒருதரம் வாருங்கள், சேர்ந்து ஏறுவோம் என்றும் எழுதியிருந்தாள். நான் போகவில்லை. போக என்னால் ஆகுமா? ஆனால் பீட்டில் நடந்த நாளெல்லாம் மணலைப் பார்த்துக்கொண்டு அந்தக் கல்படியில்தான் ஏறிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாராவைச் சாமியார் ரெண்டு தரம் படித்தார். ‘அண்ணன் காணாமல் போன நாளிலிருந்து அம்மா ராத்திரியில் கதவுக்குத் தாழ் போட்டதில்லை. எந்த நேரம் வந்தாலும் அவன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பாள். அடக்கம் முடிந்த அன்று, அவளே எழுந்துபோய்த் தாழ் போட்டாள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.’

நன்றியாம், எனக்கு!

தம்பிகளா, கெட்ட சேதிக்குப் பயந்து ஒரு கடிதத்தையும் பையில் வைத்திருக்காதீர்கள். அந்த ஏழு நாளும், அதற்கு முந்தின பத்து வருஷமும், அந்த வீட்டுக் கதவைத் திறந்து போட்டு வைத்தவன் நான்.