நெகட்டிவ் லாச்சியில் பப்படம்

எங்கள் வீட்டில் பப்படம் இருப்பது நெகட்டிவ் அடுக்கிய இரும்பு கபினெட்டில். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் ஆடி மாதத்தில் ஒரு வாரம் இந்த மலைநாட்டுக் கொட்டகலையில் இருந்து பார்க்க வேண்டும். உப்பு கட்டிப்போகும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். போன வாரம் துவைத்த துணி இந்த வாரமும் கொடியில் ஈரமாகவே கிடக்கும்.

கபினெட் என் வீட்டுக்காரருடையது. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அதை மூடினார். கேமராவை விற்றார், திரைச்சீலையை விற்றார், கபினெட்டை மட்டும் கொண்டுவந்து முன்னறையில் நிறுத்தினார். மேல் இழுப்பு லாச்சியில், திருவிழாவுக்குக் கோயில் சுவரில் காட்டிய ஸ்லைடுகள். நடு லாச்சிகளில் நெகட்டிவ்கள், மெல்லிய தாள் உறைகளில், தேயிலைத் தோட்டம் தோட்டமாக. ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் ஞானஸ்நானம், சடங்கு, வேலை விண்ணப்பம், கல்யாணம், சாவு என்று வரிசை. ஒரு மனிதனின் ஆயுள் அதில் ஒரு சாண் இருக்கும். அடி லாச்சியில் ஒன்றுமில்லை, ஒரு பல்பு மட்டும். ஈரத்தில் பிலிமுக்குப் பூஞ்சணம் பிடிக்குமாம். அதற்காக மற்ற லாச்சிகளின் அடியில் துளை போட்டு, கீழே ஒரு சின்ன மஞ்சள் பல்பை இராப்பகலாக எரியவிட்டார்.

இந்தக் காலத்து பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய பல்பு தேடி ஹட்டனில் கடை கடையாக ஏறி இறங்கினார். எனக்கு ஒரு தோடு வாங்க அப்படி அலைந்ததில்லை.

"மனுசருக்கே இங்க குளிருது. நெகட்டிவுக்கு ஹீட்டர் கேக்குதா?" என்றேன்.

"நாளைக்கு ஒருத்தங்க வந்து கேட்டா பூஞ்சணம் புடிச்சதையா குடுக்கிறது?" என்றார்.

அந்த ஒருத்தர் வரவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதையாக நான்தான் உள்ளே புகுந்தேன். ஒரு மழை நாளில் விருந்தாளிக்குப் பொரித்த பப்படம் ஈரத் துணி மாதிரி வளைந்தது. மானம் போயிற்று. மறுநாள் மிச்சமிருந்த கட்டைத் தூக்கிக் கந்தப்பளைத் தோட்டத்துக் கல்யாண நெகட்டிவ்களுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு நாளில் சும்மா தொட்டாலே நொறுங்கியது. பிறகு உப்பு, தீப்பெட்டி, பிஸ்கட் டின். அவரோ அவற்றுக்கும் அட்டை எழுதி வரிசையில் செருகிவிட்டார்.

விஷயம் அக்கம்பக்கம் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையின் பள்ளிக்கூடக் கால்மேசுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலையில் காய்ந்ததை வாங்கிப்போனார். இன்னொரு நாள் கருவாடு வந்தது. அதை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். கல்யாண வீடுகளில் கருவாட்டு வாசம் அடித்தால் நன்றாகவா இருக்கும்?

சிரிப்பெல்லாம் எனக்குத்தான். அவருக்கு இல்லை. கேட் சத்தம் கேட்டால் போதும், கண்ணாடியை எடுத்து மாட்டுவார், சட்டைக் காலரை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். வந்தவர், "அண்ணே, லாச்சியில கொஞ்சம் எடம் இருக்குமா?" என்று கேட்பார். இவர் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். அவர் வாழ்நாள் முழுக்க எடுத்ததில் ஒன்றுகூட எவருக்கும் வேண்டாமென்றால், அந்த மனுசன் எதற்காக அத்தனை வருடம் இருட்டறையில் நின்றார்? அவர் கேட்கவில்லை. நான்தான் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மழைக்கு ஓர் ஆட்டோக்காரத் தம்பி ஓடி வந்தார். போன் மழைத்தண்ணி ஓடும் கானில் விழுந்து செத்துப்போயிற்றாம். ஸ்டூடியோவைச் சாகடித்த சாமானை என் வீட்டுக்காரர் துடைத்து, நெகட்டிவ்களுக்கு நடுவே இதமாகப் படுக்க வைத்தார். ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். மறுநாள் அது உயிர்த்துவிட்டது. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்க சார், ஒரு செல்ஃபி எடுப்போம்" என்று அவர் தோளில் கைபோட்டு எடுத்தார். பின்னால் கபினெட். அது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் படத்துக்காகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் நல்ல சாரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பின்கதவால் வெளியே போய், சுற்றி வந்து கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். கண்ணாடியோடு நிமிர்ந்தவர் என்னைக் கண்டதும் விழித்தார்.

"ஒரு பழைய படம் பிரிண்ட் போடணும்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "எந்தத் தோட்டம்?"

"டயகம."

"என்ன படம்?"

"வேலை விண்ணப்பத்துக்கு எடுத்தது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது இருக்காது. வேற ஏதாச்சும் கேளு."

நான் டயகம தோட்டத்து லய வீட்டிலிருந்து ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில் அவரிடம்தான் படம் எடுத்தேன். வேலை கிடைக்கும் முன்பே என்னை டீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். படம் வாங்கப் போனால், "லைட் சரியா விழல டீச்சர், இன்னொருக்கா எடுப்போம்" என்றார். அடுத்த முறை, "பிலிம் கெட்டுப்போச்சு டீச்சர்." மூன்றாவது தடவை எடுத்ததுதான் கைக்கு வந்தது. அதற்குள் பேச்சு வளர்ந்து, கல்யாணத்தில் போய் நின்றது. கெட்டுப்போன பிலிம் கட்டிவைத்த கல்யாணம் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"எப்பிடி இல்லாமப் போகும்?" என்று நானே லாச்சியை இழுத்தேன். அவர் தடுக்க வந்து, பாதியில் நின்றுவிட்டார். அவர் வரிசையில் எதுவும் தவறாது. டயகம, வேலை விண்ணப்பம், என் பெயர். உறைக்குள் மூன்று துண்டு பிலிம். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். மூன்றிலும், நெகட்டிவ் வழக்கப்படி, தலை நரைத்து, முகம் கறுத்து, கண் விழித்து நான். மூன்றும் பளிச்சென்று இருந்தன. பொய் சொன்னவர் அதன் சாட்சியை இத்தனை வருடம் பல்பு போட்டுக் காயவைத்திருக்கிறார்.

"இதுதான் கெட்டுப்போன பிலிமா? மழையில, சேத்துல, பஸ் புடிச்சி எத்தன தடவ வந்தேன்?" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கமாக நீ என்று பேசுகிறவர்.

"மொதப் படமே நல்லாத்தான் விழுந்திச்சி டீச்சர்" என்றார். "குடுத்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பீங்க."