பொன்ராஜ் கடைக்கு எதிர்க்கடை

தி.நகர் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் பதினெட்டு வருஷமாக செல்போன் ரிப்பேர் செய்கிறார் பொன்ராஜ். சாத்தான்குளத்திலிருந்து மாமாவின் ஜவுளிக்கடைக்கு வந்தவர், துணி மடிப்பதில் மனம் ஒட்டாமல் இந்தப் பக்கம் தாவினார். உடைந்த டிஸ்ப்ளேயை அவர் மாற்றினால் மாற்றிய தடம் தெரியாது. அந்த மாடியில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. அது பொய்யும் இல்லை.

போன தை மாதம் எதிர்க்கடையை வஜீஹா வாடகைக்கு எடுத்தாள். முப்பது வயதிருக்கும். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. எந்தப் போன் வாங்கலாம், அதற்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று சொல்வாள். எந்த ஆப் நம் பேச்சைக் கேட்கிறது, எது நாம் போகும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது என்று காட்டி, வேண்டாததை எடுக்கச் சொல்வாள். போனை அவள் தொடுவதே இல்லை. வந்தவர்களேதான் அமுக்க வேண்டும்.

"இதெல்லாம் ஒரு தொழிலா?" என்றார் பொன்ராஜ், டீ கொண்டுவந்த அமீனிடம்.

பங்குனிக்குள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. பொன்ராஜ் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே தலைகளை எண்ணுவார். பத்து வருஷமாகத் தன்னிடம் வரும் மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் சார் அவள் எதிரில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த அன்று, பொன்ராஜுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி உடைந்தால் என்னிடம், நம்பிப் பேச அவளிடமா என்று வயிறு எரிந்தது.

மறுவாரம் கடை முன்னால் ஒரு போர்டு வைத்தார்: 'செக்யூரிட்டி செட்டிங் இலவசம்'. பார்ட்ஸ் சப்ளை செய்கிறவன் ஒரு பாதுகாப்பு ஆப் கொடுத்திருந்தான். ரிப்பேருக்கு வந்த போனிலெல்லாம் அதை ஏற்றினார். காண்டாக்ட், மைக், மெசேஜ் என்று அது கேட்டதற்கெல்லாம் அவரே சம்மதம் அமுக்கினார். அது என்ன செய்யும் என்று அவர் படித்துப் பார்க்கவில்லை. அவர் கண் எதிர்வரிசையில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து பிளவுஸ் தைக்கும் சீதா வந்து போனை மேஜையில் போட்டாள்.

"இன்னாண்ணே இது? ராவும் பகலும் வெளம்பரமா வந்துகினு கீது. எம்பேர்ல கஸ்டமருங்க அல்லாருக்கும் ஏதோ மெசேஜ் போயிகினு கீது. ஆப்பு போடறேன்னு சொல்லி எனக்கே ஆப்பு வச்சிட்டியே."

"குடுத்துட்டுப் போம்மா, பாக்கேன்."

"நீ பாத்தது போதும்" என்று அவள் போனை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

பொன்ராஜ் காதைத் தீட்டிக்கொண்டார். தன்னைப் பற்றி வஜீஹா ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் சண்டைக்குப் போகலாம் என்று காத்திருந்தார். "இந்த ஆப்தான்க்கா. வாங்க, எடுத்துரலாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தன் மனைவி போனிலும் அதே ஆப்பை ஏற்றியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் சரண்யாவின் போனை எடுத்தார். பழைய பேட்டர்ன் போட்டும் திறக்கவில்லை.

"அந்த ஆப்பைத் தேடுதீங்களா? எடுத்து ரெண்டு வாரமாச்சு" என்றாள் சரண்யா.

"யாரு எடுத்தா?"

"நான்தான். உங்க எதிர்க்கடைப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு."

"எங்கிட்ட கேட்டா ஆகாதா?"

"கேட்டா போனை வாங்கி வச்சுக்கிட்டு, முடிஞ்சிருச்சுன்னு திருப்பித் தருவீங்க. என்ன செஞ்சீங்கன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

ஊரே எதிர்க்கடைக்குப் போனது ஒரு பக்கம். இதே தொழிலில் தான் இருக்கும்போது சரண்யாவும் அங்கே போனாள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. பொறாமை எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டார்.

மறுநாள் போர்டைக் கழற்றினார். பில் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தப்பைச் சொன்னார். சிலர் திட்டினார்கள், பலர் வந்தார்கள். இரண்டு போனில் மட்டும் என்ன செய்தும் ஆப் அழியவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு, வரிசையில் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றார். மாடியே பார்த்தது.

"அண்ணே, நீங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்று வஜீஹா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "போனையே ஆளுற அட்மின் உரிமையைப் பிடிச்சு உக்காந்திருக்கு. முதல்ல அதைப் பிடுங்குங்க, அப்புறம் தானா அழியும்."

அவருக்கும் தெரிந்த விஷயம்தான். எரிச்சலில் தோன்றாமல் போயிருந்தது.

ஆவணியில் வஜீஹா அடையாறில் பெரிய கடை பார்த்துப் போய்விட்டாள். நியாயமாக அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு நாலு பேராவது வந்து, "இங்க ஒரு பொண்ணு இருந்தாங்களே" என்று அவரிடமே விசாரிக்கிறார்கள். முகவரியைத் தப்பில்லாமல் எழுதிக் கொடுக்கிறார். எழுதும்போது இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.