பூட்டவிருந்த கோயிலைத் திறந்து வைக்கச் சொன்ன இங்கர்

போன செவ்வாய்க்கிழமை காலை, டென்மார்க்கின் ரண்டர்ஸில் நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. நான் முன்பு இருந்த ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து சூசையண்ணை, எங்களைப் போல அகதியாக வந்தவர். "தங்கச்சி, இங்கர் அக்கா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா" என்றார். அன்று தொழிற்சாலைக்குப் பிந்தித்தான் போனேன். காரணம் கேட்ட மேற்பார்வையாளரிடம் என் அக்கா இறந்துவிட்டார் என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பிந்தி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கர் அக்கா அந்த ஊர்த் தேவாலயத்தின், எங்கள் பேச்சில் கோயிலின், பராமரிப்பாளர். கதவு திறப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, கூட்டித் துடைப்பது எல்லாம் அவர்தான். நான் டேனிஷ் படித்துக்கொண்டிருந்த முதல் வருடம், வாரத்தில் மூன்று நாள் அவரோடு சேர்ந்து துடைத்தேன். வயதுக்கு அம்மா என்றுதான் அழைத்திருக்க வேண்டும். அவர் சைக்கிளில் வந்து இறங்கிய வேகத்தைப் பார்த்து அக்கா என்றுவிட்டேன். அதன் அர்த்தம் தெரிந்த பிறகு, யாராவது வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "என்ரை வால் எங்கை?" என்று கேட்பார். கேட்டது டேனிஷில்தான். ஆனால் அவர் பேசியதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சாகவே கேட்கிறது.

அவர் பிறந்தது அமெரிக்காவில், அயோவாவில். டென்மார்க்கிலிருந்து பிழைக்கப் போன கமக்காரர்கள் சோளவயல்களுக்கு நடுவே மரத்தால் ஒரு வெள்ளைக் கோயில் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் இவருடைய தாத்தா. இந்த நாட்டுக் கோயில்களில் கூரையிலிருந்து சிறு கப்பல் ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஒன்று செய்து தொங்கவிட்டார்கள். "கடலே இல்லாத ஊரிலை கப்பல் தொங்கவிட்ட விசரர்" என்று சொல்லிச் சிரிப்பார். பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் இங்கே திரும்பி வந்தவர், அந்தக் கோயிலின் படத்தைத் துடைப்புத் துணிகள் வைக்கும் அலுமாரிக்குள் ஒட்டி வைத்திருந்தார்.

போன வருடம் இலையுதிரும் காலத்தில் அயோவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இளசுகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு பூசைக்கு ஏழெட்டுப் பேர்தான். பக்கத்தில் குடியேறிய வியட்நாம் அகதிகள், தாங்கள் கும்பிடக் கோயிலைத் தரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். வேறு சிலர் அதைப் பூட்டி, நினைவுச்சின்னமாக வைத்து, வருடத்தில் ஒருநாள் திறந்தால் போதும் என்றார்கள். கட்டியவர்களின் வாரிசுகள் இரண்டாகப் பிரிந்து நிற்க, முடிவு இங்கர் அக்காவின் பதிலில் வந்து நின்றது.

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "நாளைக்கு அவை கப்பலைக் கழட்டி எறிஞ்சிடுவினம். பூட்டி வைக்கட்டும். பழசு பழசாவே இருக்கட்டும்" என்றார். அகதியான எனக்கு அது சுட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நானும் "ஓம், அதுதான் சரி" என்றேன். பூட்டச் சொல்லி அவர் எழுதத் தொடங்கிய கடிதம் பாதியில் கிடந்தது.

பிறகு யேசு பிறந்த நத்தார் வந்தது. அன்று பிற்பகல் எங்கள் பூசைக்காகக் கோயிலைத் தந்திருந்தார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் வந்திருந்தார். நாங்கள் நாற்பது பேர் இருப்போம். மன்னார் ஆட்களும் யாழ்ப்பாணத்து ஆட்களும் பனியென்று பாராமல் முன்கூடத்திலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். அகதிகளுக்காகப் பழைய உடுப்பு, சப்பாத்துக் கொண்டுவந்து வைக்கும்படி ஊரவரிடம் கேட்டிருந்ததும் அதே முன்கூடத்தில்தான். மெழுகுதிரி பார்க்க வந்த இங்கர் அக்கா குவியலைக் கண்டார். ஊர் அள்ளிக் கொடுத்திருக்கிறது என்று பூரித்துப் போனார். எல்லாவற்றையும் சாக்குகளில் கட்டி, முற்றத்துக்கு அப்பாலிருந்த மண்டபத்துக்கு இழுத்துப் போய்விட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் முன்கூடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நாற்பது பேர் காலுறையோடு பனியைப் பார்த்தபடி நின்றோம். "இஞ்சையும் கோயிலிலை செருப்புக் களவோ?" என்றார் சூசையண்ணை.

விஷயம் புரிந்தபோது இங்கர் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. சாக்குகளை முன்கூடத்துக்கே தூக்கி வந்து கொட்டினார். எங்களோடு தானும் முழங்கால் ஊன்றிச் சோடி தேடிக் கொடுத்தார். இந்தக் குளிரில் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். சூசையண்ணை தன் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டே, "ஆள் இருக்கிற வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை போவமோ? கேளுங்கோ அவவிட்டை" என்றார். நான் டேனிஷில் சொன்னேன். இங்கர் அக்கா கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார். "இருபது வருசமா இந்தக் கோயிலைத் துடைக்கிறன். ஆள் இருக்கிற வீடெண்டு ஒருநாளும் நினைக்கேல்லை" என்றார்.

அடுத்த வேலைநாள் நான் போனபோது பாதிக் கடிதம் குப்பைக் கூடையில் கிழிந்து கிடந்தது. புதிதாக எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். "பூட்ட வேண்டாம். கும்பிட வாறவைக்குக் குடுங்கோ. கப்பலைக் கழட்டினால் கழட்டட்டும்." தபாலில் போட்டுவிட்டு வந்து அழுதார். தாத்தாவை வீட்டை விட்டு அனுப்பியது போல இருக்கிறது என்றார். இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரையும் புனிதராக்கிவிடுகிறோம். அவர் புனிதர் இல்லை, நல்ல பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தை உடைக்க அவருக்கு எவ்வளவு வலித்தது என்று நான் கண்டேன். அதனால்தான் அவரை இவ்வளவு மதிக்கிறேன்.

இலை துளிர்க்கும் காலத்தில் பதில் வந்தது, ஒரு படத்தோடு. உட்காரும் வாங்குகள் நிறைய ஆட்கள், மேலே அதே கப்பல். "கழட்டேல்லை, பார்!" என்று போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

அன்று அவரோடு சேர்ந்து நான் ஓம் என்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. மன்னாரில் எங்கள் வீடு நாங்கள் புறப்பட்ட நாள் முதல் பூட்டிக் கிடக்கிறது; அந்தப் பூட்டின் திறப்பு அங்கேயே இருக்கும் என் தம்பியிடம். வீடு எரிந்து தெருவுக்கு வந்த ஒரு குடும்பம், அதில் இருக்கலாமா என்று அவன் மூலம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று அவனுக்கு எழுதிய மூன்று கடிதத்திலும் மறுத்தேன்.

பிழையென்று கண்டதும், அழுதுகொண்டாவது திருத்தி எழுதும் அந்த மனம்தான் இங்கர் அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது. செவ்வாய் மாலை வேலையால் வந்ததும் தம்பிக்கு எழுதினேன்: "வீட்டுத் திறப்பை அவர்களிடம் கொடு. அம்மா சமைத்த குசினியின் யன்னல் கொஞ்சம் இறுகும். கீழ்ப்பக்கம் தட்டித் திறக்கச் சொல்லு."