பருப்பு வேகாத தண்ணீர்

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைப் பற்றிப் படிக்கும் பெங்களூர்க் கல்லூரி மாணவர்கள், எண்பதுகளில் ஒருநாள் ஆந்திர, கர்நாடக எல்லையோரம் எங்கள் வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்தார்கள். அப்படி ஒரு நிறுவனம் போட்ட கைப்பம்பினால் ஊருக்குப் பயன் உண்டா என்று அவர்கள் அறிய வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் சுற்றிய நான், ஊராரின் தெலுங்கைக் கன்னடத்தில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

"நல்லபடியா சொல்லுடா, ஜீப் ஓட்டுற வேலை உனக்குத்தான்" என்றிருந்தார் நிறுவனத்து மேலாளர்.

பம்புக்குப் பக்கத்து வீட்டு லட்சுமம்மா சொன்னாள்: "ஒரே உப்பு. பருப்புகூட வேகறதில்ல. இன்னும் ஏரிக்குத்தான் நடக்கிறோம். வேற எடத்துல போடச் சொல்லுப்பா."

"ரொம்ப உதவியாக இருக்கிறதாம்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

"சொல்லிட்டியாப்பா?"

"சொல்லிட்டேன்க்கா."

"நல்லா இருப்பே" என்று இரண்டு மாம்பழம் கொடுத்தாள்.

வேலை கிடைத்தது. ஏரியிலிருந்து குடத்தோடு வரும் லட்சுமம்மா, என் ஜீப்பைப் பார்த்தால் ஒதுங்கி நின்று, "பம்ப மாத்திப் போட எப்பப்பா வருவாங்க?" என்று கத்துவாள். நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை.