பழுதுபார்ப்புக்காக மூடிய ஒரு வருடம்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் வரலாற்றைக் கறுப்புக் கல்லில் வெட்டி வாசலில் பதித்திருக்கிறார்கள். அடிக்கல் நாட்டியது, கோபுரம் எழுப்பியது, மணி வந்தது எல்லாம் இருக்கிறது. நடுவில் ஒரு வரி: ‘பழுதுபார்ப்புக்காக ஓராண்டு மூடப்பட்டிருந்தது.’ கூசாமல் வெட்டியிருக்கிறார்கள். அங்கே பழுதானது என் மாமாவின் மண்டை.

அத்தை, அப்பாவின் அக்கா, அந்தக் கோயிலை இருபத்தாறு வருடம் பெருக்கித் துடைத்தவள். மாமா குவாரியில் கல் உடைப்பவர். கோயிலின் தரைக்கல் முழுவதும் அவர் கையால் பதித்தது. முதல் பெஞ்சில் குவாரி முதலாளி குடும்பத்தின் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். அவர்கள் வராத நாளிலும் அது காலியாகவே கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா போய் அதில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

“முட்டி வலிக்குதுப்பா. தரை போட்டவனுக்கு உட்காரக் கூடாதா?” என்றாராம் மாமா.

பூசை முடிந்ததும் சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்குப் போய்விட்டார். முதலாளியின் மூன்று மகன்களும் மாமாவை நிறுத்திவைத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூத்தவன் பீடத்துப் பித்தளை மெழுகுதிரித் தண்டை எடுத்தான். முதல் அடியிலேயே மாமா விழுந்துவிட்டார். அதற்கப்புறம் ஆறு அடி. பிறகு பக்கவாசல் வழியாகத் தூக்கிப்போய் வெளிப்படிகளின் அடியில் போட்டார்கள். இவ்வளவும் பின்னால் வழக்கில் வெளிவந்தது.

அத்தை இது எதுவும் தெரியாமல் மதியம் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்தாள். முதல் பெஞ்சின் முன்னால் தரையில் ரத்தம். யாரோ இரண்டு பேர் கைகலந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கோயிலுக்குள் அடிதடியில் ரத்தம் சிந்தினால், மறைமாவட்டத் தலைவரான ஆயர் வந்து பரிகாரச் சடங்கு செய்யும்வரை அங்கே எதுவும் நடத்தக் கூடாது. மூன்று மணிக்கோ ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். பாவம், பச்சைக்குழந்தை காத்திருக்கிறதே என்று கைக்குக் கிடைத்த பீடத்துணியால் அவசர அவசரமாகத் துடைத்தாள். பீடத்தில் விரித்த துணியைக் குப்பையில் போடும் வழக்கம் இல்லை. தகரப்பெட்டியில் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒருமுறை எரித்துச் சாம்பலைப் புதைப்பார்கள். அவளும் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அப்போதுதான் வெளியே கூச்சல் கேட்டது.

“படியில வழுக்கி விழுந்துட்டாரு” என்றான் மூத்தவன், எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டு.

அத்தை நம்பினாள். பிணத்தைக் கழுவும்போது மாமாவின் தலைமுடியில், பிளந்த இடத்தை ஒட்டி, மெழுகு உறைந்திருந்தது. தினமும் கோயிலில் மெழுகைச் சுரண்டுகிறவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளிப்படியில் ஏது மெழுகு?

“ஐயோ, நானே துடைச்சிட்டேனே” என்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள்.

சாமியாரிடம் ஓடினாள். அவர் ஏற்கெனவே ‘தவறி விழுந்து மரணம்’ என்று புத்தகத்தில் எழுதியிருந்தார். “துடைச்சேன்னு நீயே சொல்றே. இப்ப அங்க என்னம்மா இருக்கு? கோயிலை மூடணுமா உனக்கு?” என்று பூசி மெழுகினார். பெட்டியைப் பற்றி அத்தை அவரிடம் மூச்சு விடவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பது நாள் அதே தரையைப் பெருக்கினாள்.

ஆயர் பூசை வைக்க வந்த அன்று முதல் பெஞ்சில் மூன்று மகன்களும் இருந்தார்கள். அத்தை நேராகப் பீடத்துக்கு ஏறி, கறுத்து விறைத்த துணியை விரித்தாள்.

“சாமி, இது என் புருஷன் ரத்தம். இந்தப் பெஞ்சுக்குக் கீழ துடைச்சேன்.”

நடு மகன் பாய்ந்து வந்தான். ஆயரின் கண்ணெதிரே அத்தையின் முகத்தில் குத்தினான். தாடை உடைந்து இரண்டு பற்கள் துணிமேல் விழுந்தன. “அண்ணனை மாட்டிவிடுறியா?” என்று கத்தினான். அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ஆயர் பூசையை நிறுத்தி, கோயிலைப் பூட்டி, போலீசுக்கு ஆளனுப்பினார்.

மூவரும் ஜெயிலுக்குப் போனார்கள். குவாரி மூடியது, வேலை போனவர்களின் கோபமெல்லாம் அத்தைமேல் விழுந்தது. ஜன்னலில் கல், வாசலில் மலம். என் அப்பாவைக்கூடக் கடைத்தெருவில் விரட்டி விரட்டி அடித்தார்கள். மாமா செத்தபோது வாய் திறக்காதவர்களுக்குக் கோயில் பூட்டியதும் பக்தி பொங்கிவிட்டது.

ஒரு வருடம் கழித்து ஆயர் கோயிலைத் திறக்க வந்தார். புதுச் சாமியார் வாளியும் துணியும் கொண்டுவந்து வைத்தார். அத்தை எல்லா இடமும் துடைத்து முதல் பெஞ்சுக்கு வந்ததும் எழுந்துவிட்டாள்.

“அந்த இடம் மட்டும் பாக்கி இருக்கேம்மா” என்றார் சாமியார்.

“அங்க ஒரு தடவை துடைச்சிட்டேன், சாமி” என்றாள், கோணிய வாயால். “இனி நீங்க துடைங்க.”

ஆயர்தான் மண்டிபோட்டுத் துடைத்தார்.